எழுத்தறியாதவர் யார்? ஹைதராபாத்தில் மருத்துவமொழியின் வரலாறும் முதியோரின் நலவாழ்வு அறிவும்

(நீண்ட பதிவு. மொழியியல், மருத்துவ வரலாறு, முதுமையியல் பயிலும் நண்பர்கள் பொறுமையுடன் வாசித்துக் கருத்துரைக்க வேண்டுகிறேன்.)

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு நாள் விடியற்காலை, ஹைதராபாத்தில் நான் வாடகைக்குக் குடியிருக்கும் வீட்டின் உரிமையாளர் சமையலறையில் மயங்கிச் சரிந்தார். எழுபது வயதைக் கடந்த பெண்மணி. அவரை அம்மம்மா என்றே அழைப்பேன். தாயின் தாயைத் தெலுங்கர் அழைக்கும் சொல் அது. யாழ்ப்பாணத் தமிழிலும் அதே சொல்தான். உடல் முழுதும் வியர்வை, கைகளில் நடுக்கம். அவருக்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு என்பதை அறிந்திருந்ததால், நினைவு தெளிந்ததும் சர்க்கரை கரைத்த நீரைப் பருகச் செய்து மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். இரத்தத்தில் சர்க்கரையின் அளவு மிகவும் தாழ்ந்திருந்தது.

காரணம் அன்று மாலை தெரிந்தது. பத்து நாட்களாக அவர் ஒரே மருந்தை இருமடங்காக உட்கொண்டு வந்திருக்கிறார். வழக்கமான மாத்திரை கையிருப்பில் இல்லாததால், மருந்துக்கடையில் அதே மருந்தை வேறொரு நிறுவனத்தின் பெயரில் கொடுத்திருந்தார்கள். பழையது வெள்ளை, வட்ட வடிவம். புதியது மஞ்சள், நீள்வடிவம். வீட்டில் பழைய அட்டைகள் சில மீதமிருந்தன. மருத்துவர் புதிதாக ஒரு மருந்தைச் சேர்த்திருக்கிறார் என்று எண்ணி அவர் இரண்டையும் உட்கொண்டார். முன்னதற்குப் பதிலாக இது என்று எவரும் அவரிடம் சொல்லவில்லை.

மருத்துவமனையின் சேர்க்கைப் படிவத்தில் கல்வி என்ற கட்டத்தில் 'எழுத்தறிவற்றவர்' என்று ஆங்கிலத்தில் குறித்தார்கள். படிப்பறிவில்லாத முதியவரிடம் மாத்திரைகளை ஒப்படைக்கலாமா என்று பணியிலிருந்த இளம் மருத்துவர் எங்களைக் கடிந்துகொண்டார். அவர் கண்டிப்பில் அக்கறை இருந்தது. ஆயினும் அவர் அறியாத செய்தி ஒன்று உண்டு. புதிய மாத்திரையை உட்கொள்ளுமுன் அம்மம்மா தம் பேரனிடம் இரு அட்டைகளையும் காட்டிக் கேட்டிருக்கிறார். ஆங்கிலவழிப் பள்ளியில் பத்தாம் வகுப்புப் பயிலும் அவன், அவற்றில் பெரிதாக அச்சிட்டிருந்த பெயர்களைப் பிழையின்றிப் படித்தான். பெயர்கள் வேறு, ஆகவே மருந்துகளும் வேறு என்றான். எழுத்தை அறிந்தவனும் அறியாதவரும் சேர்ந்து செய்த பிழை அது. படிவத்தில் மட்டும் ஒருவர் பெயரே ஏறியது.

இந்நிகழ்ச்சிதான் இப்பதிவை எழுதத் தூண்டியது. முதியோரின் நலவாழ்வு எழுத்தறிவுக் குறைவு என்று நாம் எழுதும்போது எதை அளக்கிறோம்? அக்குறைவு எங்கே பிறந்தது? இக்கேள்விகளுக்கு ஹைதராபாத்தின் மருத்துவமொழி வரலாற்றில் விடை தேட முயல்கிறேன்.

1. சொல்லுக்குள் இருக்கும் எழுத்து

'நலவாழ்வு எழுத்தறிவு' என்னும் கருத்து புதியது. அமெரிக்கப் பேராசிரியர் ஸ்காட் சைமண்ட்ஸ் 1974இல் பள்ளி மாணவரின் உடல்நலக் கல்வியைப் பற்றி எழுதியபோது இத்தொடரைக் கையாண்டார். மாணவர்க்காகப் பிறந்த தொடர், இருபது ஆண்டுகளுக்குள் முதியோரை அளக்கும் கோலாயிற்று. மருத்துவச் சொற்களை உரக்கப் படிக்கச் செய்யும் தேர்வும், மருந்துக் குறிப்பையும் மருத்துவமனைப் படிவத்தையும் படித்து விடையளிக்கச் செய்யும் தேர்வும் 1990களில் உருவாயின. 2003இல் அமெரிக்காவில் நடந்த தேசிய எழுத்தறிவு மதிப்பீட்டில், 65 வயதைக் கடந்தோருள் 59 விழுக்காட்டினர் அடிப்படை நிலையிலோ அதற்கும் கீழோ இருந்தனர். முழுத் தேர்ச்சி பெற்றோர் 3 விழுக்காட்டினரே. பள்ளிக்கல்வி நெடுங்காலமாகப் பரவியிருந்த நாட்டின் நிலை இது.

இத்தொடரைப் பிறமொழிகள் எவ்வாறு பெயர்த்தன என்பதைக் கவனியுங்கள். தமிழில் எழுத்தறிவு, தெலுங்கில் அக்ஷராஸ்யத, உருதுவில் குவாந்தகி. முதல் இரண்டிலும் எழுத்து இருக்கிறது. மூன்றாவது, வாசித்தல் என்னும் பாரசீக வினையிலிருந்து பிறந்தது. ஆங்கிலச் சொல்லும் எழுத்தைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து வந்ததே. நோயைப் பற்றிய அறிவு எழுத்தின் வழியாகவே வரும் என்னும் எடுகோள் நான்கு மொழிகளிலும் சொல்லுக்குள்ளேயே அமர்ந்திருக்கிறது. டான் நட்பீம் 2000இல் இக்கருத்தை விரிவாக்கி, படிக்கும் திறனோடு உரையாடும் திறனையும் ஆராய்ந்து முடிவெடுக்கும் திறனையும் சேர்த்தார். எனினும் களத்தில் புழங்கும் கருவிகள் பலவும் இன்றும் முதல் திறனையே அளக்கின்றன.

2006இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதன் போதாமையைத் தெளிவாகக் காட்டியது. டெர்ரி டேவிசும் அவர் குழுவினரும் அமெரிக்காவின் மூன்று நகரங்களில் 395 நோயாளிகளிடம் மருந்துக் குப்பிகளின் குறிப்புகளைக் காட்டினர். எழுத்தறிவு குன்றியவர்களுள் 70.7 விழுக்காட்டினர், இரண்டு மாத்திரைகளை நாளொன்றுக்கு இருவேளை உட்கொள்க என்னும் குறிப்பைச் சரியாகச் சொன்னார்கள். ஒரு நாளுக்குரிய மாத்திரைகளை எண்ணிக் காட்டும்படி கேட்டபோது சரியாகச் செய்தவர்கள் 34.7 விழுக்காட்டினரே. வாக்கியத்தைச் சொல்லிவிடுவதற்கும் அதன்படி நடப்பதற்கும் இடையே ஒரு பள்ளம் இருக்கிறது. அப்பள்ளத்தைக் குறிப்பை எழுதியவர் தோண்டினாரா, படித்தவர் தோண்டினாரா என்பதே நாம் கேட்க வேண்டியது.

2. மருந்தின்றித் தொடங்கிய மருத்துவப் பள்ளி

இனி ஹைதராபாத்துக்கு வருவோம். நான்காம் நிஜாம் நாசிர் உத்தௌலா 1840களில் நீரிழிவால் துன்புற்றார். அரண்மனை மருத்துவர்களால் குணமாகாத நிலையில், ஆங்கிலேயர் பிரதிநிதியாக இருந்த ஜெனரல் ஃப்ரேசர், ரெசிடென்சியின் அறுவை மருத்துவர் வில்லியம் கேம்பெல் மக்லீனைப் பரிந்துரைத்தார். ஐரோப்பிய மருந்து எதையும் உட்கொள்ள நிஜாம் இசையவில்லை. உணவுக் கட்டுப்பாட்டை மட்டும் கொண்டு மக்லீன் அவர் நிலையைச் சீராக்கினார் என்றும், அந்த நம்பிக்கையின் விளைவாகவே 1846இல் ஹைதராபாத் மருத்துவப் பள்ளி நிறுவப்பட்டது என்றும் மருத்துவ வரலாற்று நூல்கள் குறிக்கின்றன. இன்றைய உஸ்மானியா மருத்துவக் கல்லூரியின் முன்னோடி அது.

இக்கதையில் என்னைக் கவர்ந்த செய்தி, அங்கே மருந்தே கொடுக்கப்படவில்லை என்பது. எதை உண்பது, எதை விலக்குவது, ஏன் என்பதை ஒருவர் எடுத்துரைத்தார். மற்றவர் கேட்டு நடந்தார். இன்று நாம் நலவாழ்வு எழுத்தறிவு என்று வழங்குவதன் சாரம் இதுவே. நோயாளி அரசராக இருந்ததால், அவருக்கு விளங்கும்படி சொல்வது மருத்துவரின் கடமையாயிற்று. விளங்கவில்லை என்றால் குறை மருத்துவருடையதே. அரசரின் எழுத்தறிவை எவரும் அளக்கவில்லை.

அப்பள்ளியின் பயிற்றுமொழி உருது. பாடங்கள் உருதுவில் நடந்தன, நூல்கள் உருதுவில் ஆக்கப்பட்டன, 1850களில் உருது மருத்துவ இதழ் ஒன்றும் அங்கிருந்து வெளிவந்தது. ஆங்கிலேய ஆசிரியர்கள் இந்திய மொழி ஒன்றில் மேலை மருத்துவத்தைக் கற்பித்த தொடக்க முயற்சிகளுள் இதற்கு இடமுண்டு. 1880களில் பயிற்றுமொழி ஆங்கிலமாயிற்று. அம்மாற்றத்தின் பயன்களை மறுக்க முடியாது. எட்வர்ட் லாரி தலைமையேற்ற அக்காலத்தில்தான் 1888, 1889 ஆண்டுகளின் குளோரோபார்ம் ஆணையங்கள் ஹைதராபாத்தில் கூடின. இரண்டாவது ஆணையத்துக்கு இலண்டனின் லான்செட் இதழ் தன் சார்பில் லாடர் பிரண்டனை அனுப்பியது. ஆங்கிலத்தின் வழியாக இந்நகரம் உலக மருத்துவ விவாதத்தில் பங்கேற்றது. நோயாளியோடு நடந்த உரையாடல் என்னவாயிற்று என்பதற்கு அவ்விவாதத்தில் இடமில்லை.

3. மொழிபெயர்ப்பு மாளிகையும் சர்க்கரை நோயும்

அடுத்த திருப்பம் 1917இல் நிகழ்ந்தது. அக்பர் ஹைதரியின் கோரிக்கையை ஏற்று ஏழாம் நிஜாம் மீர் உஸ்மான் அலிகான் உஸ்மானியா பல்கலைக்கழகத்துக்கு ஆணை பிறப்பித்தார். உயர்கல்வி முழுவதும் இந்திய மொழி ஒன்றில் நடைபெற வேண்டும் என்ற கொள்கையோடு பிறந்த புதுவகைப் பல்கலைக்கழகம் அது. அதற்குப் பாடநூல்களை ஆக்கித் தருவதற்காகவே தாருல் தர்ஜமா என்னும் மொழிபெயர்ப்பு நிறுவனம் அதே ஆண்டு தொடங்கப்பட்டது. 1920களில் மருத்துவக் கல்வியும் மீண்டும் உருதுவுக்குத் திரும்பியது. உடற்கூறு, உடலியங்கியல், மருந்தியல் என ஆங்கில நூல்கள் பல உருதுவாயின.

என் ஆய்வின் தொடக்கத்தில் நான் எண்ணியது இதுதான்: உஸ்மானியா முயற்சி நிலைத்திருந்தால், இந்நகரின் முதியவர்கள் தம் நோயைத் தம் மொழியிலேயே அறிந்திருப்பார்கள். தாய்மொழிக் கல்வியில் பற்றுள்ள எந்தத் தமிழ் மாணவருக்கும் இயல்பாகத் தோன்றக்கூடிய எண்ணம் இது. ஆவணங்களைப் படிக்கப் படிக்க அவ்வெண்ணம் தளர்ந்தது. காரணங்கள் இரண்டு.

முதலாவது, எவருடைய தாய்மொழி என்பது. நிஜாம் அரசின் குடிமக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் தெலுங்கர். கால்பங்கினர் மராத்தியர். எஞ்சியோருள் கன்னடம் பேசுவோர் பலர். உருதுவைத் தாய்மொழியாகக் கொண்டோர் பத்தில் ஒருவரோ சற்றுக் கூடுதலோதான். 1921இல் ஹைதராபாத்தில் நடந்த சமூகச் சீர்திருத்த மாநாட்டில் தெலுங்கில் பேச எழுந்தவரை அவையினர் எள்ளி நகையாடினர். அதன் எதிர்வினையாகவே ஆந்திர ஜன சங்கம் பிறந்தது. உருது பல்கலைக்கழகமொழியாக ஒளிபெற்ற அதே ஆண்டுகளில், பெரும்பான்மையோரின் மொழி பொதுமேடையில் தலைகுனிந்து நின்றது.

இரண்டாவது, எந்த உருது என்பது. கலைச்சொற்களை எங்கிருந்து பெறுவது என்னும் விவாதம் தாருல் தர்ஜமாவில் கடுமையாக நடந்தது. வஹீதுத்தீன் சலீம் 1921இல் வெளியிட்ட சொல்லாக்க நூலில், அரபியை மட்டும் நம்பாமல் இந்நாட்டு மொழிக் கூறுகளையும் பயன்படுத்த வேண்டும் என்று வாதிட்டார். எனினும் மருத்துவத் துறையில் யூனானி மரபின் அரபுச் சொற்களுக்கே செல்வாக்கு மிகுதி. ஓர் எடுத்துக்காட்டு போதும். நீரிழிவுக்கு மருத்துவ உருதுவில் 'ஸியாபீத்தஸ்' என்று பெயர். அது கிரேக்கத்திலிருந்து அரபி வழியாக வந்தது. ஆங்கிலத்தின் 'டயாபடீஸ்' அதே கிரேக்கச் சொல்லே. 1880களில் ஆங்கிலத்துக்கும், 1920களில் உருதுவுக்கும், 1948க்குப் பின் மீண்டும் ஆங்கிலத்துக்கும் மாறியபோது, மருத்துவர் ஒரே கிரேக்கச் சொல்லின் இரு உச்சரிப்புகளுக்கிடையே போய்வந்துகொண்டிருந்தார். பழைய நகரத் தெருவில் தக்கனி உருது பேசியவர் அதை 'ஷக்கர் கீ பீமாரி' என்றார். தெலுங்கர் 'சக்கெர வியாதி' என்றார். நாமும் சர்க்கரை நோய் என்கிறோம். நோயாளிகளின் மொழிகள் ஒன்றையொன்று அறிந்திருந்தன. மருத்துவரின் மொழி எதுவாயினும் அது அவற்றுக்கு வெளியே நின்றது.

பயிற்றுமொழியும் பரிசோதனை அறையின் மொழியும் வெவ்வேறு. முன்னதை மாற்றினால் பின்னது தானே மாறிவிடும் என்னும் நம்பிக்கைக்கு ஹைதராபாத் வரலாறு துணைநிற்கவில்லை.

4. மானிப்பாயிலிருந்து ஓர் ஒப்பீடு

இவ்விடத்தில், உஸ்மானியாவுக்கு அரை நூற்றாண்டு முன்னரே நம் மொழியில் நடந்த ஒரு முயற்சியை நினைத்துப் பார்ப்பது தகும். அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மருத்துவம் பயிற்றினார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தவர் 1864 முதல் தமிழுக்கு மாறினார். 'இரண வைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்', 'கெமிஸ்தம்' முதலிய பெருநூல்கள் அவராலும் அவர் மாணவர்களாலும் தமிழில் வெளிவந்தன. அவரிடம் பயின்று மருத்துவரானோர் அறுபதுக்கு மேற்பட்டோர்.

கிறீன் தமிழுக்கு மாறியதன் காரணம் மொழிப்பெருமை அன்று. ஆங்கிலத்தில் பயின்றவர்கள் அரசுப் பணியை நாடி ஊரைவிட்டுச் சென்றுகொண்டிருந்தார்கள். தமிழில் பயின்றவர்கள் தம் ஊரிலேயே தம் மக்களிடையே தங்குவார்கள் என்று அவர் கருதினார். அதாவது, நோயாளி எங்கே இருக்கிறார் என்பதிலிருந்து அவர் பயிற்றுமொழியை முடிவு செய்தார். உஸ்மானியாவின் கேள்வி, ஓர் இந்திய மொழி அறிவியலைத் தாங்குமா என்பது. மானிப்பாயின் கேள்வி, கற்றவர் நோயாளியின் அருகே இருப்பாரா என்பது. முதலாவது மொழியைப் பற்றியது. இரண்டாவது மனிதரைப் பற்றியது.

கிறீனின் கலைச்சொற்களிலும் வடமொழிச் சுமை மிகுதிதான். 'அங்காதிபாதம்' என்றால் என்னவென்று எந்த யாழ்ப்பாணத்து அம்மம்மாவுக்கும் அன்று விளங்கியிராது. ஆனால் அந்நூலைக் கற்ற மருத்துவர் அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அவர் பேச்சிலேயே விளக்கக்கூடியவராக இருந்தார். கிறீன் நாடு திரும்பியபின் அம்முயற்சி நெடுங்காலம் நீடிக்கவில்லை. 1884இல் அவர் மறைந்தார்.

5. அளவுகோலுக்குள் அடங்காத அறிவு

1948 செப்டம்பரில் நிஜாம் ஆட்சி முடிவுற்றது. சில ஆண்டுகளுக்குள் உஸ்மானியாவில் ஆங்கிலம் பயிற்றுமொழியாயிற்று. இன்று ஹைதராபாத் மருத்துவமனைகளின் வரிசைகளில் நிற்கும் எழுபது, எண்பது வயதினர் அக்காலத்தை ஒட்டிப் பிறந்தவர்கள். 1951 கணக்கெடுப்பின்படி இந்தியாவின் எழுத்தறிவு 18.33 விழுக்காடு, பெண்களிடையே 8.86. ஹைதராபாத் மாநிலம் அச்சராசரிக்கும் கீழே இருந்தது. 2011இல்கூட நாட்டின் 60 வயதைக் கடந்தோருள் எழுத்தறிந்தவர்கள் ஏறத்தாழ 44 விழுக்காட்டினர். பெண்களில் 28 விழுக்காட்டினரே. இவர்களுக்குக் கல்வியை மறுத்தது ஓர் அரசும் ஒரு சமூக அமைப்பும். எழுபது ஆண்டுகளுக்குப் பின் அம்மறுப்பு இவர்களுடைய குறையாகப் படிவத்தில் ஏறுகிறது.

எழுத்தில்லாத இடத்தில் அறிவும் இல்லையா? இக்கேள்விக்கு ஹைதராபாத்திலிருந்தே ஒரு விடை வந்தது. பஞ்சாகுட்டாவிலுள்ள நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில், டிமென்ஷியா எனப்படும் மறதிநோய்க்கு உள்ளான 648 பேரின் விவரங்களை நரம்பியல் மருத்துவர் சுவர்ணா அல்லாடி தலைமையிலான குழு ஆராய்ந்தது. எடின்பரோவின் தாமஸ் பாக், உஸ்மானியா பல்கலைக்கழக மொழியியலாளர் வசந்தா துக்கிராலா ஆகியோரும் அக்குழுவில் இருந்தனர். 2013இல் முடிவுகள் வெளியாயின. 391 பேர் ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசுவோர். ஒருமொழி மட்டும் பேசுவோரைவிட இவர்களுக்கு நோய் சராசரியாக 4.5 ஆண்டுகள் தாமதமாகத் தொடங்கியிருந்தது. எழுத்தறியாதவர்களிடையே இந்த இடைவெளி ஏறத்தாழ ஆறு ஆண்டுகள்.

இருமொழியத்துக்கும் மறதிநோய்க்கும் உள்ள தொடர்பு பற்றி அறிஞரிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. எல்லா ஆய்வுகளும் இதே முடிவைத் தரவில்லை. என் வாதத்துக்கு அந்த ஆண்டுக் கணக்கு இன்றியமையாததன்று. பள்ளிக்கே செல்லாத ஒருவர் வீட்டில் தெலுங்கும் சந்தையில் தக்கனியும் பேசும்போது அவர் மூளை செய்யும் வேலையை, கல்வி என்ற கட்டம் காணவே இல்லை என்பதை அவ்வாய்வு காட்டியது. அம்மம்மா நிஜாமாபாத் பக்கத்துச் சிற்றூரில் பிறந்தவர். வீட்டில் தெலுங்கு, எல்லையைக் கடந்து வந்த உறவினரோடு மராத்தி, ஐம்பது ஆண்டுகளாக அண்டைவீட்டாரோடு தக்கனி. ஒரே உரையாடலில் ஆள்மாறும்போது மொழி மாறுவார். அவரை ஒரே சொல்லில் எழுத்தறிவற்றவர் என்று முடித்துவிட்ட படிவம் ஆங்கிலம் ஒன்றையே அறிந்தது.

கருவிகளை மாற்ற முடியாதா? முடியும் என்பதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. நினைவாற்றலைச் சோதிப்பதற்காக 1975இல் அமெரிக்காவில் உருவான தேர்வில், ஒரு வாக்கியத்தைப் படித்து அதன்படி கண்களை மூட வேண்டும். ஒரு வாக்கியம் எழுதவும் வேண்டும். ஹரியானாவின் பல்லப்கட் சிற்றூர்களில் பணியாற்றிய மேரி கங்குலியின் குழு, 1990களில் அதை எழுத்தறியாத முதியோர்க்கு ஏற்ப மாற்றியமைத்தது. படித்துக் கண்ணை மூடுவதற்குப் பதில், என்னைப் பார்த்து நான் செய்வதைச் செய்க என்று கேட்டார்கள். நூறிலிருந்து ஏழேழாகக் கழிப்பதற்குப் பதில் இருபதிலிருந்து மும்மூன்றாகக் கழிக்கச் சொன்னார்கள். பள்ளிப்படிப்பைச் சோதிப்பதை விடுத்து நினைவைச் சோதித்தார்கள். நலவாழ்வு அறிவை அளப்பதற்கும் இத்தகைய மாற்றம் இயலும்.

6. குறை யாருடையது

மருந்துகளின் மூலப்பெயரைத் தெளிவாக, கூடுமானவரை பெரிய எழுத்துகளில் எழுத வேண்டும் என்று 2016இல் மருத்துவர் நடத்தை விதி திருத்தப்பட்டது. நல்ல விதி. அம்மம்மாவின் பேரன் அட்டையில் மூலப்பெயரைத் தேடிப் படித்திருந்தால் பிழை நேர்ந்திராது. ஆயினும் அப்பெரிய எழுத்துகள் மருத்துவரிடமிருந்து மருந்துக்கடைக்காரருக்குச் செல்பவை. நோயாளி அக்கடிதத்தைச் சுமந்து செல்பவர் மட்டுமே. 2022இல் மத்தியப் பிரதேசம் இந்தியில் மருத்துவப் பாடநூல்களை வெளியிட்டது. அதைச் சிலர் புகழ்ந்தனர், சிலர் எள்ளினர். இருசாராரும் ஹைதராபாத்தின் அனுபவத்தைக் கருதியிருந்தால் விவாதம் வேறு திசையில் சென்றிருக்கும். பாடநூலின் மொழி மாறலாம், மாறாமலும் இருக்கலாம். பரிசோதனை அறையில் கடைசி இரு நிமிடங்கள் எம்மொழியில், எவ்வாறு, யாரால் பேசப்படுகின்றன என்பதை எவரும் பாடத்திட்டத்தில் எழுதவில்லை.

இதுவரை அவ்வேலையைச் செய்து வந்தவர்கள் யார் என்று கேட்டால், வரலாற்றில் பெயரில்லாதவர்கள்தான். கம்பவுண்டர், செவிலியர், ஆயா, வரிசையில் பக்கத்தில் நின்ற மற்றொரு நோயாளி, வீட்டுப் பேரப்பிள்ளை. மருத்துவரின் மொழி உருதுவாக இருந்தபோதும் ஆங்கிலமாக இருந்தபோதும் அதைத் தெலுங்காகவும் தக்கனியாகவும் மராத்தியாகவும் மாற்றி நோயாளியின் கையில் கொடுத்தவர்கள் இவர்களே. தாருல் தர்ஜமா மொழிபெயர்த்த நூல்களுக்குப் பட்டியல் உண்டு. இவர்கள் மொழிபெயர்த்ததற்குப் பதிவே இல்லை. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீடு தேடிச் சென்று இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை நோய்க்கும் மாத்திரை வழங்கும் பெண் தன்னார்வலர்கள் வாசலில் நின்று என்ன சொல்கிறார்கள், எச்சொற்களில் சொல்கிறார்கள் என்பதை மொழியியலார் எவரேனும் பதிவு செய்யத் தொடங்கினால், அதுவே சிறந்த ஆய்வாக அமையும்.

முடிவாக, மொழியியல் மாணவன் என்ற முறையில் ஒரு சொல்லைப் பற்றிக் கூறி நிறைவு செய்கிறேன். அம்மம்மாவின் வீழ்ச்சியைத் தடுத்திருக்கக்கூடிய சொல் ஒன்றே ஒன்றுதான்: பதிலாக. அதற்குப் பதிலாக இது. இச்சொல்லின் மூலம் அரபியின் 'பதல்'. உருதுவில் அது 'பத்லே', தெலுங்கில் 'பதுலு', மராத்தியில் 'பத்லீ', தமிழில் 'பதில்'. அம்மம்மா அறிந்த மூன்று மொழிகளிலும், அவரிடம் நான் பேசக் கற்றுக்கொண்டிருக்கும் அரைகுறைத் தெலுங்கிலும், என் தாய்மொழியிலும் அது ஒரே சொல். அதைப் புரிந்துகொள்ள எந்த எழுத்தும் தேவையில்லை. மருந்துக்கடை மேசையில் எவரும் அதை உச்சரிக்கவில்லை.

இப்போது அம்மம்மா மருந்து வாங்கச் செல்லும்போது பழைய அட்டையைக் கையோடு எடுத்துச் செல்கிறார். புதியதைக் கொடுத்தால் இரண்டையும் மேசைமீது அருகருகே வைத்து, இது அதற்குப் பதிலா, அதோடு சேர்த்தா என்று தக்கனியில் கேட்கிறார். விடை வரும்வரை நகர்வதில்லை. பின்னால் நிற்போர் முணுமுணுப்பது உண்டு. நலவாழ்வு எழுத்தறிவின் மிக உயர்ந்த படி என்று நட்பீம் வகுத்தது இதைத்தான் என்று நான் கருதுகிறேன். மருத்துவமனைப் படிவத்தில் அவர் கல்விக் கட்டம் இன்னும் மாறவில்லை.

உங்கள் ஊர்களில், உங்கள் வீடுகளில் முதியவர்கள் மருந்தை எவ்வாறு அடையாளம் காண்கிறார்கள்? நிறத்தாலா, வடிவத்தாலா, வைக்கும் இடத்தாலா? நோய்களுக்கு அவர்கள் வழங்கும் சொற்கள் யாவை? ஊர்ப் பெயரோடு பின்னூட்டத்தில் எழுதினால் என் ஆய்வுக்குப் பெரிதும் உதவும். பெயர்களைத் தவிர்த்து எழுதுங்கள். அம்மம்மாவைப் பற்றி அவர் இசைவோடுதான் எழுதியிருக்கிறேன். இப்பதிவை அவருக்குத் தெலுங்கில் வாய்மொழியாகச் சொல்லிக் காட்டினேன். இரண்டு இடங்களில் திருத்தினார்.